மாதா கோயிலுக்கு நாப்பது நிமிஷம் பத்தாது

பாரிஸ் பேக்கேஜ் எடுத்துப் போறவங்க கையில இருக்குற பயணத் திட்டத்த ஒரு தடவ வாங்கிப் படிச்சுப் பாருங்க. காலையில ஐஃபல் டவர், அப்புறம் படகு, அப்புறம் செண்ட் விக்கிற கடை, இதுக்கு நடுவுல ஒரே ஒரு வரி: நோத்ர தாம் பேராலயம், போட்டோவுக்கு நிறுத்தம், 40 நிமிஷம். பஸ்ஸ விட்டு எறங்கி, வாசல்ல நிக்கிற வரிசைய எட்டிப் பாத்துட்டு, ரெண்டு கோபுரமும் தெரியுற மாதிரி நின்னு படம் எடுத்துட்டு, டாய்லெட் எங்கன்னு விசாரிச்சுட்டு திரும்ப ஏறிடணும். 1163-ல கட்ட ஆரம்பிச்சு கிட்டத்தட்ட ரெண்டு நூத்தாண்டு கட்டுன கோயிலு, அதுக்கு இவ்ளோதான் நேரம், பாதிப் பேரு உள்ளயே போகாம வந்துடுறாங்க. எங்களுக்கு வந்த பேக்கேஜ்லயும் இதே வரிதான் இருந்துச்சு. மனசு கேக்கல. அத வேணாம்னு சொல்லிட்டு எங்க பயணத்த நாங்களே தலைகீழா போட்டுட்டோம்: மொதல்ல மாதா கோயில், மத்ததெல்லாம் நேரம் மிச்சம் இருந்தா.

நாங்க மலேசியாவுல புக்கிட் மெர்தாஜாம். பினாங்குன்னா வெளியூர்க்காரங்களுக்கு தீவுதான் ஞாபகம் வரும், ஆனா கத்தோலிக்கத் தமிழங்களக் கேட்டா மொதல்ல எங்க ஊரு அன்னம்மா கோயிலத்தான் சொல்வாங்க. ஜூலை 26 திருவிழா. அதுக்கு முந்தின ஒம்பது நாள் செபம், நவநாள், ஆரம்பிச்சதுல இருந்தே ஈப்போ, ஜொகூர், சிங்கப்பூர்னு பஸ் பஸ்ஸா வந்து எறங்குவாங்க, தமிழ்ப் பூசை, சீனப் பூசை, மலாய்ப் பூசை, இங்கிலீஷ் பூசைன்னு மாறி மாறி நடக்கும், ராத்திரி மெழுகுவத்திப் பவனி. 1888-ல கட்டுன பழைய கோயில் இன்னும் மலையடியில நிக்குது, 2002-ல எழும்புன பெரிய கோயில் இந்தப் பக்கம், 2019-ல ரோமாபுரி அத பசிலிக்காங்குற சிறப்பு அந்தஸ்துக்கு உயர்த்துச்சு. அங்க வர்றவங்கள்ல யாராவது நாப்பது நிமிஷத்துல கெளம்பிப் பாத்திருக்கீங்களா? பாய் விரிச்சு உக்காருவாங்க, சிலுவைப்பாதை செய்வாங்க, பழைய கோயில்ல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்பாங்க, பூசை கண்டுட்டு நிதானமா சோத்துப் பொட்டலத்தப் பிரிப்பாங்க. கோயிலுக்குப் போறதுன்னா எப்படிப் போகணும்னு நமக்கு நல்லாவே தெரியும். பிளைட் டிக்கெட் வாங்குனதும்தான் அது எப்படியோ மறந்து போயிடுது.

பாரிஸ்தான் வேணும்னு அம்மா பிடிவாதமா நிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. நம்ம பக்கத்துல பழைய தமிழ்ப் பங்குகள ஆரம்பிச்ச சாமியாருங்க நெறைய பேரு பிரெஞ்சுக்காரங்க, பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்பு சபையைச் சேந்தவங்க. 1658-ல தொடங்குன சபை. சாமியாருக்குப் படிக்க அவங்க நடத்துன குருமடம் மொதல்ல சயாம்ல, இன்னிக்கித் தாய்லாந்துல, இருந்துச்சு, 1767-ல பர்மாக்காரங்க அயுத்தியாவ அழிச்சப்ப அங்கருந்து ஓடி, புதுச்சேரி பக்கத்துல வீராம்பட்டினத்துல கொஞ்ச காலம் நடந்து, கடைசியா 1808-ல பினாங்குக்கு வந்து சேந்துச்சு. நம்ம காலேஜ் ஜெனரல் அதுதான். அங்க பாடம் நடத்துன ரெண்டு சாமியாரு, இம்பேர், சஸ்தான், கொரியாவுக்குப் போயி 1839-ல வேதத்துக்காக உயிர விட்டாங்க, இன்னிக்கி ரெண்டு பேருமே புனிதருங்க. அந்த சபையோட தலைமை வீடு பாரிஸ்ல ரூ து பாக்ங்குற தெருவுல 128-ம் நம்பர். அதே தெருவுல 140-ம் நம்பர், 1830-ல கத்தரீன் லபூரேங்குற கன்னியாஸ்திரிக்கு மாதா காட்சி கொடுத்த சிற்றாலயம். அம்மா கழுத்துல கெடக்குற அற்புதப் பதக்கம் அந்தக் காட்சியில இருந்து வந்ததுதான். அதனால ஒரு மத்தியானம் முழுக்க அந்தத் தெருவுக்குன்னு ஒதுக்கியாச்சு, இதுல பேச்சுக்கே எடமில்ல.

கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, இருக்குற தம்பிக்கு இது ஒண்ணும் பிடிக்கல. போன் போட்டு, "அக்கா, அவ்ளோ தூரம் போயி ஒரே கோயில சுத்திச் சுத்தி வரப் போறீங்களா, சுவிஸ் பக்கத்துலதானே, ரயில்ல ஒரு நட போயிட்டு வந்துடலாமே"ன்னான். அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, டிக்கெட் காசு சும்மா வர்றதில்ல. ஆனா அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இந்த வயசுல தெனம் ஒரு ஊரு மாத்தி மாத்தி பெட்டி கட்ட முடியுமா? பஸ்லயே பாதி நாளு போயிடும். ஒரே எடத்துல தங்கி ஒரே கோயிலுக்கு காலையில ஒரு தடவ, இருட்டுனப்புறம் ஒரு தடவ, பூசைக்கு ஒரு தடவன்னு போறது வயசானவங்க உடம்புக்கும் நல்லது, கோயிலயும் உருப்படியா பாக்கலாம். இத எழுதுறதே, வீட்டுப் பெரியவங்களக் கூட்டிட்டுப் போகணும்னு நெனைக்கிறவங்க யாராவது இருந்தா இந்தக் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பாக்கட்டும்னுதான்.

தீ விபத்து எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2019 ஏப்ரல் 15, புனித வாரத்துத் திங்கக்கெழம, அங்க சாயங்காலம், நமக்கு நடுராத்திரி தாண்டி. கூரையில பிடிச்ச தீ ஏறி, நம்ம நேரத்துக்கு ராத்திரி 2 மணி ஆகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடுக் கோபுரத்து ஊசி ஒடிஞ்சு உள்ள விழுந்துச்சு. விடிஞ்சதும் வாட்ஸ்அப்ல எல்லா குரூப்லயும் அதே வீடியோதான், கோயிலே போச்சுன்னுதான் எல்லாரும் நெனச்சோம். ஆனா போனது எது, நின்னது எதுன்னு நெதானமா படிச்சுப் பாத்தா ஆச்சரியமா இருக்கு. அந்த ஊசிய சுத்தி நின்ன 16 செம்புச் சிலைங்க, 12 அப்போஸ்தலரும் 4 நற்செய்தியாளரும், பழுது பாக்குறதுக்குன்னு தீ பிடிக்கிறதுக்கு நாலு நாளைக்கு முன்னாடிதான் கிரேன் வச்சு எறக்கியிருந்தாங்க. பெரிய ஆர்கன்ல கிட்டத்தட்ட 8,000 குழாய், நெருப்பு தொடல, ஈயத் தூசி மட்டும் படிஞ்சிருந்துச்சு, கழட்டித் தொடச்சு திரும்ப மாட்டி ஒவ்வொண்ணா சுருதி சேத்தாங்க. மூணு ரோஜா சன்னலும் தப்பிச்சுச்சு. வடக்குக் கோபுரத்துல மணி தொங்குற மரச்சட்டத்துல தீ பிடிக்க ஆரம்பிச்சப்ப தீயணைப்புக்காரங்க ஒரு சின்னக் கூட்டமா மேல ஏறிப் போயி அணைச்சாங்க, அந்தச் சட்டம் எரிஞ்சு மணிங்க விழுந்திருந்தா கோபுரமும் சேந்து விழுந்திருக்கும், அப்புறம் கோயில் முகப்பே இருந்திருக்காது.

எல்லாத்தையும் விட பெரியம்மா மனசுல நின்னது தூண் மாதா. 14-ம் நூத்தாண்டுக் கல்சிலை, கையில கொழந்த இயேசு, பலிபீடத்துக்குக் கிட்ட ஒரு தூணுல சாஞ்ச மாதிரி நிக்கிற மாதா. ஊசி ஒடிஞ்சு விழுந்ததே அந்தச் சிலைக்குப் பக்கத்துலதான், சுத்தி மலை மாதிரி கரிக்கட்டையும் கல்லும் குவிஞ்சு கெடக்குது, நடுவுல மாதா அப்படியே நிக்கிறா. அஞ்சு வருஷத்துக்கு மேல வேற கோயில்ல வச்சிருந்துட்டு, 2024 நவம்பர் 15 ராத்திரி ஆயிரக்கணக்கான சனங்க மெழுகுவத்தி பிடிச்சு பவனியா கூட்டிட்டு வந்து சேத்தாங்க. அந்த வீடியோவ நான் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டுனேன், பாத்துட்டு, "நம்ம அன்னம்மா பவனி மாதிரியே இருக்குடி"ன்னாங்க. அன்னையில இருந்து, முட்டி வலி இருந்தாலும் பரவால்ல வர்றேன்னு அவங்களே பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கெளம்பிட்டாங்க.

தம்பி மகனையும் கூட்டிட்டுப் போறோம், அவன் தொழிற்கல்லூரியில மரவேலை படிக்கிறான். அவனுக்கு பூசையெல்லாம் ரெண்டாம்பட்சம், கூரைதான் முக்கியம். எரிஞ்சு போன கூரைய அங்க காடுன்னே சொல்வாங்களாம், அத்தன ஓக் மரம். திரும்பக் கட்டும்போது கான்கிரீட்டுல போடலாம், இரும்புல போடலாம், கண்ணாடில போடலாம்னு ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க, கடைசில பழையபடி ஓக் மரத்துலயே போடுறதுன்னு முடிவாச்சு, பிரான்ஸ் முழுக்கத் தேடி கிட்டத்தட்ட 2,000 மரம் வெட்டுனாங்க. உத்தரத்தையெல்லாம் சும்மா மில்லுல அறுத்து எடுத்துடல, அதுக்குன்னே பழைய மாடல்ல கோடாலி அடிச்சு வாங்கி, உருட்டு மரத்த ஆளுங்க கையாலயே நாலு பக்கமும் செதுக்குனாங்க. இவன் அந்த வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாக்குறான். "பாருங்க அத்தே, மெஷின்ல அறுத்தா நேர்கோடாதான் போகும், இவங்க மரம் எப்படி வளஞ்சிருக்கோ அதே போக்குல செதுக்குறாங்க, நார் அறுபடாது, அதான் பலம்"னு எனக்கு பாடம் எடுத்தான். ஒரு விஷயம் அவன்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிருக்கேன்: அந்தக் கூரை மரம் கீழருந்து பாத்தா தெரியாது, கல் வளைவு அத மறைச்சிடும். ஆனா தெக்குக் கோபுரம் ஏறுற வழியில புதுசா ஓக் மரத்துலயே ரெட்டைச் சுழல் படிக்கட்டு போட்டிருக்காங்க, அத அவன் தொட்டுப் பாக்கலாம்.

ஊசி மேல 96 மீட்டர் ஒசரத்துல நிக்கிற தங்கச் சேவலும் புதுசுதான், பழசு இடிபாட்டுக்குள்ள நசுங்கிக் கெடச்சுச்சு. புதுச் சேவலுக்குள்ள, இந்த வேலையில கை வச்ச ஏறக்குறைய 2,000 பேரோட பேர எழுதி ஒரு சுருள் வச்சிருக்காங்க. தச்சன், கொத்தன், ஈயத்தகடு அடிச்சவன், சாரம் கட்டுனவன், எல்லாரும் அதுல அடக்கம். வேலைய மொதல்ல இருந்து நடத்துன ஜெனரல் ஜார்ஜலென் 2023 ஆகஸ்ட்ல மலையேறப் போன எடத்துல செத்துப் போனாரு, தெறப்பு விழாவப் பாக்கல. 2024 டிசம்பர் 7-ம் தேதி கதவு தெறந்தாங்க, மறுநாள் மொதப் பூசை. 150 நாட்டுல இருந்து 3 லட்சத்து 40 ஆயிரம் பேரு காசு அனுப்பியிருக்காங்க, மொத்தம் 846 மில்லியன் யூரோ. இவ்ளோ கைங்க சேந்து எழுப்புன கோயில வெளிய நின்னு படம் எடுத்துட்டு மட்டும் வர்றதுக்கு எனக்கு மனசு வரல.

இப்ப அம்மாவோட விஷயம். அம்மாவுக்கு வேண்டியது முள்முடி. இயேசு நாதர் தலையில வச்சதுன்னு பாரம்பரியமா வணங்கிட்டு வர்ற முடி இந்தக் கோயில்லதான் இருக்கு. பிரான்ஸ் ராஜா ஒன்பதாம் லூயி, நாம புனித லூயின்னு சொல்றவரு, 1239-ல வாங்குனது. கான்ஸ்டான்டிநோபிள் ராஜா பால்ட்வின் கடன் தொல்லைல அத வெனிஸ்காரங்ககிட்ட அடகு வச்சிருந்தாரு, இவரு அந்தக் கடன அடைச்சு மீட்டாரு. பாரிஸ்க்கு வந்தப்ப ராஜ உடுப்பக் கழட்டிட்டு வெறுங்காலோட தூக்கிட்டு நடந்தாருன்னு சொல்வாங்க. அத வைக்கிறதுக்குன்னே சேந்த் ஷப்பேல்னு ஒரு கோயில் கட்டி 1248-ல மந்திரிச்சாங்க, நோத்ர தாம்ல இருந்து நடக்குற தூரம்தான். முடிக்கு 1,35,000 லீவ்ர், அந்தக் காலத்து பிரெஞ்சுக் காசு, கோயில் கட்ட 40,000 லீவ்ர்னு கணக்கு சொல்றாங்க. அந்தக் கோயில்ல சுவரே இல்லாத மாதிரி 15 ஒசரமான கண்ணாடி சன்னல், பைபிள் கதை மொத்தமும் கண்ணாடில இருக்கு. பிரெஞ்சுப் புரட்சிக்கு அப்புறம், 1806-ல முடி நோத்ர தாமுக்கு வந்துச்சு. தீ பிடிச்ச ராத்திரி தீயணைப்புப் படையோட சாமியாரு ஃபூர்னியேவும் கூட இருந்தவங்களும் உள்ள போயி அத வெளிய கொண்டாந்தாங்க.

அம்மாகிட்ட நான் முன்னாடியே வெளக்கிட்டேன், ஏன்னா அங்க போயி ஏமாந்து நிக்கக் கூடாது: அதுல முள்ளு இருக்காது. முள்ளையெல்லாம் அந்தக் காலத்துலயே ஒண்ணொண்ணா பிச்சு பல ராஜாக்களுக்கும் கோயிலுங்களுக்கும் கொடுத்துட்டாங்க. மிச்சம் இருக்குறது கோரைப்புல்ல முறுக்கிக் கட்டுன ஒரு வளையம், ஒரு சாண் அகலம் இருக்கும், 1896-ல செஞ்ச படிகக் குழாய்க்குள்ள, அதுக்கு மேல தங்க வேலைப்பாடு. போட்டோவ பெருசு பண்ணிக் காட்டுனேன். அம்மா கண்ணாடியப் போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "எங்கம்மா பானைக்கு அடியில வைக்கிற பிரிமனை மாதிரி இருக்கு, இத தலையில அழுத்தி முள்ள சொருகுனாங்களா"ன்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அம்மா அன்னிக்கி அந்தப் படத்தப் பாத்த மாதிரி அங்கயும் நின்னு பாக்கணும், அதுக்காகத்தான் இந்தப் பயணமே.

முடிய வணக்கத்துக்கு வெளிய எடுக்குறது எல்லா நாளும் கெடையாது. மாசத்துல மொத வெள்ளிக்கெழம மத்தியானம், 3 மணியில இருந்து. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலத்துல வெள்ளிக்கெழமதோறும், பெரிய வெள்ளி அன்னிக்கும் உண்டு. அதனால டிக்கெட்ட மொதல்ல போட்டுட்டு அப்புறம் கோயில் நேரம் தேடாதீங்க, மொதல்ல அந்த வெள்ளிக்கெழமையப் பிடிங்க, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மத்தத அடுக்குங்க. நேரம் மாறலாம், கெளம்புறதுக்கு முன்னாடி கோயிலோட சொந்த வெப்சைட்ல ஒரு தடவ பாத்துக்கோங்க.

உள்ள போறதுக்கு காசு கெடையாது. இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நோத்ர தாம் டிக்கெட்னு தேடுனா மேல வர்ற பாதி வெப்சைட் காசு கேக்குது, அது வழிகாட்டிக்கு வாங்குற காசு, கோயிலுக்கு இல்ல. 2024-ல அந்த நாட்டு கலாச்சார அமைச்சரே ஆளுக்கு 5 யூரோ வாங்கலாம்னு யோசனை சொன்னாங்க, மறைமாவட்டம் முடியாதுன்னுடுச்சு. கோயில் வெப்சைட்ல நேரம் பதிவு பண்ணலாம், அதுவும் இலவசம், ஆனா ரொம்ப முன்கூட்டியே கெடைக்காது, போற நாளுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் தெறக்கும், அதனால மலேசியால உக்காந்து மாசக் கணக்கா தேடிட்டு இருக்காதீங்க. பதிவு இல்லாமலும் வரிசைல நின்னு போகலாம். பூசைக்குப் போறவங்களுக்கு பதிவே வேணாம். வியாழக்கெழம ராத்திரி 10 மணி வரைக்கும் தெறந்திருக்கும், கூட்டமும் கொறையும், எங்க திட்டத்துல அது பெரியம்மாவுக்கும் தூண் மாதாவுக்கும்னு எழுதி வச்சிருக்கோம். பெரிய பெட்டி, டிராவல் பேக் எதுவும் உள்ள விட மாட்டாங்க, வச்சுட்டுப் போறதுக்கும் அங்க எடம் கெடையாது, ஏர்போர்ட்ல இருந்து நேரா போயிடலாம்னு நெனச்சீங்கன்னா வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.

கோபுரம் ஏறுறது தனி விஷயம், தனி டிக்கெட். அந்த நாட்டுல 1905 சட்டப்படி கட்டடம் அரசாங்கத்தோடது, வழிபாடு திருச்சபையோடது, அதனால கோயில் வாசல்ல கேட்டா கோபுர டிக்கெட் கெடைக்காது, அரசாங்க நினைவுச்சின்ன இலாகாவோட வெப்சைட்லதான் நேரம் போட்டு வாங்கணும். 2025 செப்டம்பர்லதான் திரும்பத் தெறந்தாங்க, 16 யூரோ, 424 படி. லிப்ட் கெடையாது. அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிட்டுப் போற பேச்சே இல்ல, நானும் தம்பி மகனும் ஏறுறோம். தெக்குக் கோபுரத்துலதான் இம்மானுவேல் மணி இருக்கு, 17-ம் நூத்தாண்டுல வார்த்தது, 13 டன். புரட்சி நேரத்துல மத்த பழைய மணியெல்லாம் உருக்கிட்டாங்க, இது ஒண்ணுதான் தப்பிச்சுச்சு. நாங்க மேல இருக்குற நேரம் ரெண்டு பேரும் கீழ உக்காந்து செபமாலை சொல்லட்டும்.

பூசை பிரெஞ்சுலதான் நடக்கும், அதுக்காக தயங்காதீங்க. ஞாயித்துக்கெழம வாசகம் உலகம் பூரா கத்தோலிக்கக் கோயில்ல பெரும்பாலும் ஒண்ணுதான், முந்தின ராத்திரியே தமிழ் பைபிள்ல அந்த வாசகங்கள அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிட்டா மறுநாள் சாமியாரு எங்க நிக்கிறாருன்னு அம்மாவே கண்டுபிடிச்சுடுவாங்க. காலைல கிரகோரியன் பாட்டோட ஒரு பூசை இருக்கு, அது லத்தீன் பாட்டு, அம்மா சின்ன வயசுல கேட்டது, அவங்களுக்கு அது தெரிஞ்ச பாட்டாவே இருக்கும்.

தங்குறது எங்கன்னு யோசிக்கவே தேவையில்ல, லா ஷப்பேல். காருடுநோர் ஸ்டேஷனுக்குப் பின்னாடி, நம்ம ஈழத்துச் சனங்க கடை வச்சு வாழுற தெருவுங்க, போர்டெல்லாம் தமிழ்ல இருக்கும், நகைக்கடை, புடவைக்கடை, காய்கறிக்கடை, சாப்பாட்டுக் கடைன்னு எல்லாம் இருக்கு, இடியாப்பமும் கொத்து ரொட்டியும் கெடைக்கும், மாணிக்க விநாயகர் கோயிலும் அங்கதான், வருஷா வருஷம் விநாயகர் தேர் அந்தத் தெருவுலதான் ஓடும். பெரியம்மாவுக்கு ராத்திரி சூடா ரசஞ்சோறு இருந்தா போதும், மறுநாள் எவ்ளோ தூரம் வேணாலும் நடப்பாங்க. அங்கருந்து கோயிலுக்கு மெட்ரோ 4-ம் நம்பர் லைன் நேரா சித்தே ஸ்டேஷன்ல கொண்டு போய் விடும். ஆனா பாரிஸ் மெட்ரோ பழசு, நெறைய ஸ்டேஷன்ல படிக்கட்டுதான், முட்டி வலிக்காரங்களுக்கு பஸ்தான் சரி. 38-ம் நம்பர் பஸ் போர்த் து லா ஷப்பேல்ல கெளம்பி காருடுநோர் வழியா கோயில் இருக்குற சித்தே தீவுக்குள்ளயே போகுது, ஊரும் பாத்துட்டே போகலாம். இந்த ஒரு பஸ் நம்பரத் தெரிஞ்சுக்க எனக்கு எத்தனையோ ராத்திரி ஆச்சு, நீங்க சும்மா எடுத்துக்கோங்க.

தம்பி மகனுக்கும் எனக்கும் இன்னும் சண்டை ஓடிட்டு இருக்குற விஷயம் ஒண்ணு உண்டு. தெக்குப் பக்கத்துச் சிற்றாலயங்கள்ல ஆறு சன்னல மாத்திட்டு கிளேர் தபூரேங்குற ஓவியர் வரையுற புதுக் கண்ணாடி வைக்கப் போறாங்க. இப்ப இருக்குறது 19-ம் நூத்தாண்டுல கோயிலப் புதுப்பிச்ச கட்டடக் கலைஞர் வியோலே லெ துக் காலத்துல வச்சது, தீல ஒண்ணும் ஆகல. கெட்டுப் போகாதத எதுக்கு எடுக்கணும்? அவ்ளோ நெருப்புலயும் தப்பிச்சு நின்னதுக்கு ஒரு மரியாதை வேணாமான்னு நான் கேக்குறேன். அவன், "வியோலே லெ துக் மட்டும் பழசு எதையும் மாத்தலயா அத்தே, அந்த ஊசியே அவரு புதுசா வச்சதுதானே, அந்தந்தக் காலத்து ஆளுங்களும் ஏதாவது செஞ்சுட்டுப் போனாத்தான் கோயிலு உசுரோட இருக்கும்"ங்குறான். ஊசி விஷயத்துல அவன் சொல்றது சரிதான், இருந்தாலும் நான் ஒத்துக்கல. அத மட்டும் வச்சு கோயில எடை போட வேணாம்னு ரெண்டு பேரும் இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கோம். வெளிய கோயில் முன்னாடி சதுக்கத்துலயும் மரம் நட்டு மாத்துற வேலை நடக்குது, இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும், அங்கங்க தடுப்பும் சாரமும் இருக்கும், போட்டோவுக்குன்னு மட்டும் போறவங்க மனச தேத்திக்கணும்.

பக்கத்துலயே ஆத்தத் தாண்டுனா க்ளூனி மியூசியம். கோயில் முகப்புல வரிசையா நிக்கிற 28 யூதா நாட்டு ராஜாக்கள பிரெஞ்சு ராஜாக்கள்னு நெனச்சு 1793-ல புரட்சிக்காரங்க தலைய வெட்டிட்டாங்க, அதுல 21 தலை 1977-ல ஒரு வீட்டு அடியில தோண்டுறப்ப கெடச்சுச்சு, அதெல்லாம் அங்க வச்சிருக்காங்க. இப்ப முகப்புல நிக்கிறது பின்னாடி செஞ்சு வச்சது. இது தம்பி மகன் கேட்டதால சேத்தது, மழை வந்தா போற எடம்.

மாசம் எதுன்னு இன்னும் முழுசா முடிவாகல. அம்மாவுக்கு தவக்காலம்தான் ஆசை, வெள்ளிக்கெழமதோறும் முடி வைக்கிறாங்களே, ஒண்ண விட்டா இன்னொண்ணுன்னு சொல்றாங்க. அதுவும் ஞாயந்தான், ஆனா மார்ச் குளிரு பெரியம்மாவுக்கு ஆகாது, வரிசைல வெளிய நிக்கணும். எனக்கு அக்டோபர் மொத வெள்ளி. வெயிலும் கொறஞ்சிருக்கும், குளிரும் முழுசா எறங்கியிருக்காது. மலேசியா பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்ல, 180 நாளுக்குள்ள 90 நாள் வரைக்கும் இருக்கலாம், ஆனா எறங்குன எடத்துல இப்ப கைரேகையும் போட்டோவும் எடுக்குறாங்க, அதுக்கு நேரம் ஆகும். எத்தியாஸ்னு ஆன்லைன்ல முன்கூட்டி வாங்குற ஒரு அனுமதியும் 2026 கடைசில வருதுன்னு அறிவிச்சிருக்காங்க, 20 யூரோ, 70 வயசு தாண்டுனவங்களுக்கு காசு கெடையாது. கேஎல்ல இருந்து பாரிஸ்க்கு மலேசியா ஏர்லைன்ஸ் 2025 மார்ச்ல இருந்து நேரா பறக்குது, பினாங்குல இருந்து கேஎல்லுக்கு ஒரு குட்டி பிளைட், அங்க மாறுனா போதும், நடுவுல வேற நாட்டு ஏர்போர்ட்ல வீல்சேர் தேடி அலைய வேணாம்.

இந்த வாரம் தம்பி ஊருக்கு வர்றான். சுவிஸ் கணக்கு ஒண்ணு அவனும் போட்டுட்டு வர்றானாம். வரட்டும், முடிவு அம்மா கையில. நான் எங்க வெள்ளிக்கெழம திட்டத்த ஒரு பேப்பர்ல எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டிட்டேன்: காலைல சேந்த் ஷப்பேல், அங்க கெடுபிடியான செக்கிங் இருக்கு, அதனால சீக்கிரம் கெளம்பணும். மத்தியானம் பக்கத்துலயே கட்டிட்டுப் போன சாப்பாடு. 2 மணிக்கே நோத்ர தாம் வரிசை, பெரியம்மாவுக்கு மடக்கு நாற்காலி. 3 மணிக்கு முள்முடி. அதுக்கு அப்புறம் அம்மா எவ்ளோ நேரம் உக்காரணும்னு சொல்றாங்களோ அவ்ளோ நேரம், சாயங்காலப் பூசைய முடிச்சுட்டு 38-ம் நம்பர் பஸ்.